ஏரி மீனுக்குள் ஏரியைப் படித்தல்: கிருஷ்ணகிரி, தர்மபுரி நீர்நிலைகளில் மீன் ஒட்டுண்ணி ஆய்வுக்கான முழுமையான வழிகாட்டி

மீன் கடையில் ஜிலேபி மீனைச் சுத்தம் செய்து தரச் சொல்லும்போது, செவுள் மூடிக்கு அடியிலோ துடுப்பின் அடிச்சதையிலோ அரிசிக் குருணை அளவில் மஞ்சள் முடிச்சு ஒன்று சில நாள்களில் தட்டுப்படும். கடைக்காரர் அதைக் கத்தி முனையால் நெம்பி எறிந்துவிடுவார். வாங்க வந்தவர் முகம் சுளிப்பார். அந்த முடிச்சுக்குள் சுருண்டு கிடப்பது கிளினோஸ்டோமம் என்னும் தட்டைப்புழுவின் இளம்பருவம். அது மீனுக்குள் வருவதற்கு முன் ஒரு நத்தையின் உடலில் பெருகியிருக்க வேண்டும். அது முதிர்ந்து முட்டையிட ஒரு கொக்கின் வாயும் தொண்டையும் வேண்டும். ஆகவே அந்த ஏரியில் நத்தையும் மீனும் கொக்கும் சேர்ந்து வாழ்கின்றன என்பதற்கு அந்த மஞ்சள் முடிச்சே சான்று. மீன் ஒட்டுண்ணி ஆய்வை வெறும் நோய்ப் பட்டியலாகப் பார்க்கக் கூடாது என்று நான் வலியுறுத்துவதற்குக் காரணம் இதுதான்.

இந்த வழிகாட்டி விலங்கியல் முதுகலை மாணவர்களையும் அவர்களுக்கு வழிகாட்டும் ஆசிரியர்களையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது. குளத்தில் மீன் வளர்ப்பவர்களும் இதில் பெரும்பகுதியைத் தாமே செய்யலாம். விலையுயர்ந்த ஆய்வகம் இதற்குத் தேவையில்லை. பொறுமையும், ஒழுங்காக எழுதும் பழக்கமும், ஒரு நல்ல நுண்ணோக்கியும் இருந்தால் போதும்.

எடுத்துக்கொண்ட வேலையின் பரப்பு எவ்வளவு பெரியது என்பதை உணர ஓர் ஆய்வை முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள பியூஜெட் சவுண்ட் என்னும் கடற்பகுதியில் 1880 முதல் 2019 வரை பிடித்து, அருங்காட்சியகக் கண்ணாடிக் குடுவைகளில் பாதுகாத்து வைக்கப்பட்டிருந்த 8 இனங்களைச் சேர்ந்த 699 மீன்களை, வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் செல்சி வுட் என்னும் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் எடுத்து அறுத்து, அவற்றுக்குள் இருந்த ஒட்டுண்ணிகளை எண்ணினார்கள். 2023இல் வெளியான முடிவு பலரை வியக்க வைத்தது: வாழ்க்கைச் சுழற்சிக்கு 3 அல்லது அதற்கு மேற்பட்ட விருந்தோம்பிகள் (ஒட்டுண்ணி குடியிருக்கும் உயிர்கள்) தேவைப்படும் ஒட்டுண்ணிகள் 10 ஆண்டுக்குச் சுமார் 10.9 சதவீதம் என்ற வேகத்தில் குறைந்திருந்தன. கடல்நீரின் வெப்பம் கூடியதோடு அந்தச் சரிவு ஒத்துப்போனது. ஒன்று அல்லது இரண்டு விருந்தோம்பிகளோடு வாழ்க்கையை முடித்துக்கொள்ளும் ஒட்டுண்ணிகளில் அப்படிப்பட்ட சரிவு இல்லை. அதே பல்கலைக்கழகத்தில் நடாலி மாஸ்டிக் முதலாசிரியராக இருந்து 2024இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, 1979 முதல் 2021 வரை டின்களில் அடைக்கப்பட்ட 178 சால்மன் மீன் டின்களைத் திறந்து அவற்றில் இருந்த வெந்த புழுக்களை எண்ணியது. சில சால்மன் இனங்களில் புழு எண்ணிக்கை கூடியிருந்ததை, கடலின் உணவுச் சங்கிலி அறுபடாமல் இருப்பதன் அடையாளமாக அவர்கள் கருதினார்கள். இரண்டு ஆய்வுகளும் நமக்குச் சொல்வது ஒன்றே: ஒட்டுண்ணியின் எண்ணிக்கையை வைத்து ஒரு நீர்நிலையின் கடந்த காலத்தைக்கூடப் படிக்க முடியும், மீனை எவரேனும் தேதியோடும் இடத்தோடும் எடுத்து வைத்திருந்தால்.

படி 1: கேள்வியைச் சிறியதாக வைத்துக்கொள்ளுதல்

'கிருஷ்ணகிரி மாவட்ட மீன்களின் ஒட்டுண்ணிகள்' என்று தலைப்பு வைக்கும் மாணவர் ஓராண்டு கழித்து ஒரு பெயர்ப் பட்டியலோடு நிற்பார். அதைவிட, ஒரே மீன் இனத்தை இரண்டு நீர்நிலைகளில் ஒப்பிடுவது நல்லது; அல்லது ஒரே ஏரியை இரண்டு பருவங்களில் ஒப்பிடலாம்.

நம் பகுதி இதற்கு ஏற்ற நிலம். தென்பெண்ணை ஆறு கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து, பெங்களூரின் கழிவுநீரையும் சுமந்துகொண்டு ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. அணையிலிருந்து நுரை பொங்கி வெளியேறும் காட்சி ஆண்டுதோறும் செய்தியாகிறது. அதே ஆறு கீழே இறங்கி கிருஷ்ணகிரி அருகே உள்ள கே.ஆர்.பி. அணையை நிரப்புகிறது, அதற்கும் கீழே நெடுங்கல் அணைக்கட்டு வழியாகப் பாரூர்ப் பெரிய ஏரிக்குச் செல்கிறது. ஒரே ஆற்றின் நீர், மூன்று இடம். மேலிருந்து கீழே வர வர ஜிலேபி மீனின் செவுளில் இருக்கும் ஒட்டுண்ணிகள் மாறுகின்றனவா என்பது ஒரு முதுகலை ஆய்வேட்டுக்குப் போதுமான கேள்வி. தர்மபுரிப் பக்கம் இருப்பவர்கள் பஞ்சப்பள்ளியில் உள்ள சின்னாறு அணையையும், நாகாவதி, தொப்பையாறு, வாணியாறு அணைகளையும், கோடையில் வற்றிப்போகும் ஊர் ஏரிகளையும் ஒப்பிடலாம். வற்றும் ஏரி, வற்றாத அணை என்னும் ஒப்பீடே தனிச் சுவை உடையது. ஏனெனில் ஏரி வற்றும்போது நத்தைகளில் பெரும்பகுதி மடிகிறது, நத்தையை நம்பிய புழு மறுபடி காலூன்ற வேண்டியிருக்கிறது.

படி 2: இசைவு பெறுதல்

அணைகளிலும் பெரிய ஏரிகளிலும் மீன்பிடி உரிமை மீனவர் கூட்டுறவுச் சங்கங்களுக்கோ குத்தகைதாரருக்கோ தரப்பட்டிருக்கும். ஆகவே நீங்களே வலை வீசுவதைவிட, விடியற்காலையில் கரைக்கு வரும் மீனவரிடம் விலை கொடுத்து வாங்குவது சட்டத்துக்கும் எளிது, உறவுக்கும் எளிது. எந்தப் பகுதியில், எத்தனை மணிக்கு, எந்தக் கண் அளவுள்ள வலையில் பிடித்தது என்பதை அங்கேயே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். காவிரிக் கரையோரக் காடுகளில் 2014இல் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயமும் 2022இல் காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயமும் அறிவிக்கப்பட்டிருக்கின்றன. அந்த எல்லைக்குள் வனத்துறையின் எழுத்து மூல அனுமதி இல்லாமல் ஒரு நத்தையைக்கூட எடுக்கக் கூடாது. காவிரியின் திமில் மகசீர் மீன் அழிவின் விளிம்பில் உள்ள இனம்; ஒட்டுண்ணி பார்க்க அதைத் தேடுவது எந்த வகையிலும் நியாயமாகாது.

உயிருள்ள மீனைக் கொன்று ஆய்வதாக இருந்தால் கல்லூரியின் விலங்கு நெறிமுறைக் குழுவிடம் முன்கூட்டியே ஒப்புதல் பெற வேண்டும். கிராம்பு எண்ணெய் கலந்த நீரில் மீனை மயக்கி, பின் மூளையைச் சிதைத்துக் கொல்வதே மீனுக்கு வலி குறைந்த முறை. தண்ணீருக்கு வெளியே துடிக்கவிட்டுச் சாகடிப்பது கொடுமை மட்டுமன்று. அந்த நேரத்தில் சுரக்கும் கோழையோடு தோலில் உள்ள நுண்ணுயிர்கள் பல கழன்றுபோய்விடும்.

படி 3: மேசையில் இருக்க வேண்டியவை

குறைந்த பெருக்கம் கொண்ட அறுவை நுண்ணோக்கி ஒன்று, 400 மடங்கு வரை காட்டும் கூட்டு நுண்ணோக்கி ஒன்று, கூர்மையான கத்தரி, இரண்டு இடுக்கி, பெட்ரித் தட்டுகள், கண்ணாடித் தகடுகள், நேர்த்தியான தூரிகை. நன்னீர் மீனுக்கான உப்புக் கரைசலை லிட்டர் நீருக்குச் சுமார் 6.5 கிராம் உப்பு என்ற கணக்கில் கலந்துகொள்ளலாம்; வெறும் குழாய் நீரில் போட்டால் பல புழுக்கள் உப்பி வெடித்துவிடும். உருவ ஆய்வுக்கு 70 சதவீத ஆல்கஹால், மரபணு ஆய்வுக்கு 95 சதவீதத்துக்கு மேற்பட்ட ஆல்கஹால். பார்மலினில் போட்டது மரபணு ஆய்வுக்கு எளிதில் உதவாது. பார்மலினைக் கையாளும்போது கையுறை அணிந்து, சன்னலைத் திறந்து வைக்க வேண்டும்.

இவற்றோடு ஒரு பென்சில். இதைச் சிரிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். என் முதல் ஆண்டு ஆய்வில் 11 குடுவைகளுக்குள் பேனாவால் எழுதிய சீட்டுகளைப் போட்டு வைத்தேன்; இரண்டு வாரத்தில் ஆல்கஹால் நீல நிறமானது, சீட்டுகள் வெள்ளையாயின. எந்தப் புழு எந்த ஏரியுடையது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

படி 4: மீனுக்கு முன் ஏரி

இந்தப் படியைத்தான் பெரும்பாலோர் தாண்டிச் செல்கிறார்கள். நான் அதிக நேரம் செலவிடச் சொல்வதும் இதில்தான்.

நீரின் வெப்பம், அமிலத்தன்மை, கரைந்துள்ள ஆக்சிஜன் ஆகியவற்றை விடியலில் ஒருமுறையும் பிற்பகலில் ஒருமுறையும் அளக்க வேண்டும். பாசி மிகுந்த ஏரியில் பிற்பகலில் ஆக்சிஜன் நிறைந்து, விடியலில் ஏறத்தாழ வறண்டு போயிருக்கும். ஒரே வேளையில் அளப்பவர் பாதி உண்மையைத்தான் எழுதுவார். 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள கறுப்பு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டி இறக்கி, கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறித்தால் நீரின் தெளிவு கிடைக்கும். ஆகாயத்தாமரை எவ்வளவு பரப்பை மூடியிருக்கிறது, கரையில் எந்த வயல், எங்கே சாக்கடை கலக்கிறது, மாடு எங்கே இறங்குகிறது என்பவற்றையும் ஒரு வரைபடத்தில் குறிக்க வேண்டும்.

அடுத்தது நத்தை. கரையோரத்தில் ஒரு மீட்டர் சதுரச் சட்டத்தை வைத்து, அதற்குள் உள்ள நத்தைகளை வகை பிரித்து எண்ண வேண்டும். இப்படிப் பத்து இடங்களில். பிறகு ஒவ்வொரு நத்தையையும் குளோரின் நீங்கிய நீர் உள்ள சிறு கிண்ணத்தில் தனித்தனியே போட்டு, சில மணி நேரம் வெளிச்சத்தில் வைத்தால், தொற்றுள்ள நத்தையிலிருந்து செர்க்கேரியா என்னும் வாலுள்ள இளம்புழுக்கள் வெளியே நீந்தி வரும். கறுப்புத் தாளின் மீது கிண்ணத்தை வைத்தால் அவை தூசி போல மினுங்குவது வெறுங்கண்ணுக்கே தெரியும். இந்த வேலையில் கையுறையும் முழங்கால் வரை ரப்பர் காலணியும் கட்டாயம். நம் ஏரிகளில் சாதாரணமாகக் காணப்படும் இண்டோபிளானோர்பிஸ் என்னும் தட்டைச் சுருள் நத்தை, மாடுகளைத் தாக்கும் சிஸ்டோசோமா புழுவின் இளம்பருவத்தை வெளியிடும். அது மனிதத் தோலைத் துளைத்து உள்ளேயே மடிந்து, கடும் அரிப்பையும் தடிப்பையும் உண்டாக்கும்.

பறவைகளைக் கண்ணால் மட்டும் பார்க்க வேண்டும். வெண்கொக்கு, குருட்டுக்கொக்கு, நாரை, நீர்க்காகம், பாம்புத்தாரா என்று காலையில் ஒரு மணி நேரம் எண்ணி எழுதினாலே போதும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் உள்ள பறவைகளைப் பிடிப்பதோ கொல்வதோ குற்றம். நம் ஆய்வுக்கு அது தேவையும் இல்லை.

ஏன் இவ்வளவு பாடு என்று கேட்கலாம். அமெரிக்காவில் பீட்டர் ஜான்சனும் குழுவினரும் 2007இல் வெளியிட்ட சோதனையில், நீரில் நைட்ரஜனும் பாஸ்பரசும் சேரச் சேரப் பாசி பெருகி, பாசியைத் தின்னும் நத்தை பெருகி, அந்த நத்தையில் வளர்ந்து தவளைகளின் காலை ஊனமாக்கும் ஒட்டுண்ணியும் பெருகியது. வயலில் போட்ட உரம் தவளையின் காலில் வந்து முடிந்த கதை அது. காவேரிப்பட்டணத்து மாந்தோப்பும் நெல்வயலும் சூழ்ந்த ஓர் ஏரியில் இதே சங்கிலி ஓடுகிறதா என்று அறிய வேண்டுமானால், மீனை மட்டும் அறுத்து என்ன பயன்?

படி 5: மீனைத் தேர்ந்து கொண்டுவருதல்

ஓர் இடத்துக்கு, ஒரு பருவத்துக்கு, ஓர் இனத்தில் 30 மீனுக்குக் குறையாமல் இருக்கட்டும். 30 மீனில் ஒரு புழுவும் இல்லை என்றாலும், அந்த ஏரியில் ஏறத்தாழ 10 சதவீதம் வரை மீன்களில் அது இருக்கக்கூடும் என்பதை 95 சதவீத உறுதியோடு மறுக்க முடியாது. 10 மீனை மட்டும் பார்த்துவிட்டு 'இல்லை' என்று எழுதுவது எவ்வளவு துணிச்சல் என்பது இதிலிருந்து விளங்கும். அளவில் ஒத்த மீன்களையே எடுக்க வேண்டும். பெரிய மீன் நீண்ட நாள் வாழ்ந்தது, நிறையத் தின்றது. ஆகவே அதில் புழு மிகுதியாக இருப்பது இயல்பு. ஓர் ஏரியிலிருந்து அரைக் கிலோ கட்லாவும் மற்றோர் ஏரியிலிருந்து இரண்டு கிலோ கட்லாவும் கொண்டுவந்து ஒப்பிட்டால், ஒப்பிட்டது ஏரியை அன்று, வயதை.

செவுளில் வாழும் தட்டைப்புழுக்களும் ஒற்றைச் செல் உயிரிகளும் மீன் இறந்த சில மணி நேரத்தில் கழன்றோ அழிந்தோ போகும். முடிந்தால் உயிரோடு, காற்று ஊட்டிய தொட்டியில் கொண்டுவர வேண்டும். முடியாவிட்டால் ஒவ்வொரு மீனையும் தனி நெகிழிப் பையில் இட்டுப் பனிக்கட்டியில் வைக்கலாம்; ஒரே பையில் பத்து மீனைப் போட்டால் மீன் பேன் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவிவிடும், பையின் அடியில் கிடக்கும் பேன் எந்த மீனுடையது என்று சொல்ல யாராலும் ஆகாது.

படி 6: அறுத்துப் பார்க்கும் ஒழுங்கு

ஒழுங்கு என்பது எந்த வரிசையைப் பின்பற்றினாலும் கடைசி மீன் வரை அதே வரிசையைப் பின்பற்றுவது. முதலில் நீளம், எடை. பிறகு தோல், துடுப்பு, செதிலின் அடி, கண், வாய், மூக்குத் துளை. தோலிலிருந்தும் செவுளிலிருந்தும் கோழையை மெல்லச் சுரண்டி, ஒரு துளி நீரோடு கண்ணாடியில் வைத்து உடனே பார்க்க வேண்டும். அடுத்துச் செவுள் வளைவுகளை இடம், வலம் என்றும் ஒன்று முதல் நான்கு என்றும் பிரித்துத் தனித்தட்டில் வைத்து, ஒவ்வோர் இழையாகத் தூரிகையால் நீவிப் பார்க்க வேண்டும். கண்ணை அறுத்து வில்லையைத் தனியே அழுத்திப் பார்க்காமல் விடுபவர்கள் டிப்ளோஸ்டோமம் என்னும் கண்புழுவைத் தவறவிடுவார்கள்.

வயிற்றைத் திறந்தபின் கல்லீரல், பித்தப்பை, காற்றுப்பை, சிறுநீரகம், இனப்பெருக்க உறுப்பு, கொழுப்பு ஆகியவற்றைத் தனித்தனித் தட்டில் பிரித்து, சிறு துண்டுகளை இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே நசுக்கி ஒளியில் பார்க்க வேண்டும். குடலை நீளவாக்கில் வெட்டி உப்புக் கரைசலில் அலசி, படிவதைப் பார்க்க வேண்டும். சதையை மெல்லிய துண்டுகளாக அரிய வேண்டும். மூளையையும் விடக் கூடாது. கலிபோர்னியக் கழிமுகத்தில் கில்லி மீனின் மூளையில் குடியேறும் ஒரு தட்டைப்புழு, மீனை மேற்பரப்பில் புரண்டு மின்ன வைக்கிறது என்றும், அவ்வாறு தொற்றிய மீன்களைப் பறவைகள் மற்றவற்றைவிட 10 முதல் 30 மடங்கு மிகுதியாகப் பிடித்துத் தின்றன என்றும் கெவின் லாஃபர்ட்டியும் கிமோ மோரிஸும் 1996இல் காட்டினார்கள். மூளையைத் திறவாமல் இருந்திருந்தால் மீனின் விளையாட்டு என்றே அது எழுதப்பட்டிருக்கும்.

பழகாத கைக்கு ஒரு மீன் மூன்று மணி நேரம் பிடிக்கும். பழகியபின் ஒரு மணி நேரம்.

படி 7: யார் யார் என்று அறிதல்

வெறுங்கண்ணுக்குத் தெரிபவற்றிலிருந்து தொடங்குவோம். மீன் வளர்ப்போர் மீன் பேன் என்று சொல்லும் ஆர்குலஸ், இறாலின் தூரத்து உறவு. தட்டையான ஒளி ஊடுருவும் உடல், இரண்டு வட்ட உறிஞ்சிகள், கறுப்புக் கண்கள். தேவைப்பட்டால் மீனை விட்டு நீந்திப் போகும். முட்டையை மீனில் இடாது. கல், மூங்கில், குச்சி போன்ற கடினமான பரப்பில் வரிசையாக ஒட்டும். அதனால்தான் ஓர் ஏரியில் நனைந்த வலையையும் மூங்கிலையும் வெயிலில் நன்றாகக் காயவைக்காமல் மற்றோர் ஏரிக்குக் கொண்டுபோகக் கூடாது என்கிறோம். நங்கூரப் புழு எனப்படும் லெர்னியாவில் மீனின் சதைக்குள் தலையைப் புதைத்து வெளியே குச்சி போல நீட்டிக்கொண்டிருப்பது பெண் மட்டுமே. அதைப் பிடித்து இழுத்தால் நங்கூரம் உள்ளேயே முறிந்துவிடும். இனம் காண அந்த நங்கூரத்தின் வடிவம்தான் தேவை, ஆகவே சதையோடு சேர்த்து வெட்டி எடுக்க வேண்டும்.

செவுளில் கொக்கிகளோடு ஒட்டியிருக்கும் சிறு தட்டைப்புழுக்களில் இரண்டு வகையைப் பிரித்தறியத் தெரிந்தால் தொடக்கத்துக்குப் போதும். தலையில் நான்கு கரும்புள்ளிக் கண்கள் இருந்தால் டாக்டிலோகைரஸ், அது முட்டையிடும். கண்புள்ளி இல்லாமல் வயிற்றுக்குள் ஒரு குட்டியும், அந்தக் குட்டியின் வயிற்றுக்குள் இன்னொரு குட்டியும் தெரிந்தால் கைரோடாக்டிலஸ். பின்னது நேரடியாகக் குட்டி போடுவதால் நெருக்கமான தொட்டியில் சில நாள்களிலேயே பெருகிவிடும். இந்த இரண்டுக்கும் நத்தையும் கொக்கும் தேவையில்லை. மீன் நெருக்கமாக இருந்தால் போதும்.

தோலில் ரவை தூவியது போல வெள்ளைப் புள்ளி இருந்து, நுண்ணோக்கியில் பார்க்கும்போது லாட வடிவ உட்கருவோடு மெல்லச் சுழலும் உயிரி தெரிந்தால் அது இக்தியோப்திரியஸ். தட்டு போன்ற வடிவில், உள்ளே பற்சக்கரம் தெரியச் சுழன்றால் டிரைக்கோடினா. கெண்டை வகை மீன்களின் செவுளில் வெள்ளை முடிச்சை நசுக்கும்போது, ஒரு முனையில் இரண்டு பேரிக்காய் வடிவப் பைகளோடு ஆயிரக்கணக்கான வித்துகள் சிதறினால் மிக்சோபோலஸ். இந்தக் குழுவின் கதை தனி. மீனில் உள்ள வித்து, மற்றொரு மீனுக்கு நேரே தொற்றும் என்றே நெடுநாள் நம்பினார்கள். டிரவுட் மீனைச் சுழன்று சாகவைக்கும் இனத்தைப் பற்றி 1984இல் உல்ஃப், மார்கிவ் என்னும் இருவர், அந்த வித்து முதலில் சேற்றில் வாழும் டியூபிபெக்ஸ் என்னும் மண்புழு உறவினனுக்குள் சென்று முற்றிலும் வேறு வடிவம் எடுத்தபின்தான் மீனைத் தொற்றுகிறது என்று காட்டினார்கள். அதுவரை அந்த இரண்டு வடிவங்களும் இரண்டு தனி வகுப்புகளாகப் பாடநூலில் இருந்தன. சாக்கடை கலக்கும் சேற்றில் டியூபிபெக்ஸ் செழித்து வளரும் என்பதையும் நினைத்துப் பார்த்தால், தென்பெண்ணையின் அணைகளில் மிக்சோபோலஸை எண்ணும் ஒருவர் ஏன் அடிச்சேற்றையும் அள்ளிப் பார்க்க வேண்டும் என்பது புரியும்.

விரால் மீனின் குடலில் முள் வளையங்களோடு கூடிய பாலிசென்டிஸ் என்னும் முட்தலைப் புழுவும், இரத்தம் குடித்துச் சிவந்த கமல்லானஸ் உருளைப்புழுவும் கிடைக்கலாம். இரண்டும் நீரில் மிதக்கும் நுண்ணிய ஓட்டுயிரிகள் வழியாக வருபவை. வாளை மீனின் காற்றுப்பையைத் திறந்தால் இலை போன்ற பெரிய ஐசோபரோர்கிஸ் இருக்கலாம். சாதாக் கெண்டை, புல்கெண்டை குஞ்சுகளின் குடலில் தட்டையான வெள்ளை நாடாவாக இருப்பது ஆசிய நாடாப்புழு. கிழக்காசியாவிலிருந்து புல்கெண்டையோடு உலகெங்கும் பரவியது. மீன் குஞ்சு வாங்கும் பண்ணையாளர்கள் புதிய குஞ்சுகளைச் சில நாள் தனித்தொட்டியில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் இல்லை.

விராலின் உடலில் சிவந்த புண் இருந்தால் புழு என்று முடிவுகட்ட வேண்டாம். மழைக்குப் பின் வரும் குளிர்மாதங்களில் தோன்றும் அந்தப் புண், அபனோமைசிஸ் என்னும் பூஞ்சை போன்ற உயிரியால் வருவது. இந்தியாவில் 1988 முதல் அறியப்பட்டது.

படி 8: புழுவைச் சரியாகக் கொன்று வைத்தல்

சுருங்கிய புழுவை வைத்து இனம் காண முடியாது. தட்டைப்புழுவைச் சிறிதளவு உப்புக் கரைசலில் விட்டு, கொதிநிலையை நெருங்கிய கரைசலைச் சட்டென்று ஊற்றினால் அது நீண்டு இறக்கும். உருளைப்புழுவுக்குச் சூடான 70 சதவீத ஆல்கஹால். முட்தலைப் புழுவை மட்டும் வெறும் நீரில் இட்டுக் குளிர்பெட்டியில் ஓரிரவு வைக்க வேண்டும். மற்றவற்றைக் கெடுக்கும் அதே குழாய் நீர், இதன் உள்ளிழுத்த முள்மூக்கை வெளியே தள்ளிக் காட்டும்.

படி 9: எண்ணுதல்

எழுதும் பதிவேட்டில் ஒவ்வொரு மீனுக்கும் ஒரு வரி. புழு இல்லாத மீனுக்கும் ஒரு வரி, அதில் பூச்சியம். என்னிடம் வந்த ஆய்வேடுகள் சிலவற்றில் 'தொற்றிய மீன்கள்' பட்டியல் மட்டுமே இருந்தது. மொத்தம் எத்தனை மீன் பார்க்கப்பட்டது என்பது எழுதியவருக்கே நினைவில்லை. அந்த எண்களை வைத்து எதையும் கணக்கிட முடியாது.

மூன்று அளவுகள் போதும். அவற்றின் பொருளை 1997இல் புஷ் முதலிய ஒட்டுண்ணியியலாளர்கள் வரையறுத்தபடியே உலகெங்கும் பயன்படுத்துகிறார்கள். கற்பனையாக ஒரு கணக்கு. 40 மீன் பார்த்தோம், 14 மீனில் புழு, மொத்தம் 98 புழு. தொற்று விகிதம் 40இல் 14, அதாவது 35 சதவீதம். தொற்றிய மீனுக்குச் சராசரி 98ஐ 14ஆல் வகுக்க 7. பார்த்த எல்லா மீனுக்கும் சராசரி 98ஐ 40ஆல் வகுக்க 2.45. கடைசி இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் ஏராளம். எது என்று குறிப்பிடாமல் 'சராசரி' என்று மட்டும் எழுதக் கூடாது.

அந்த 98இல் ஒரு மீனிடம் மட்டும் 41, இன்னொன்றிடம் 19 என்று வைத்துக்கொள்வோம். இரண்டே மீன்கள் மொத்தப் புழுவில் 61 சதவீதத்தைச் சுமக்கின்றன. இது விபத்தன்று. ஒட்டுண்ணிகள் சமமாகப் பரவுவதில்லை, சில உடல்களில் குவிகின்றன என்பதை கிராஃப்டன் என்னும் ஆய்வாளர் 1971இல் கணித முறையில் விளக்கினார். அதையே ஒட்டுண்ணியின் இலக்கணமாகக்கூட முன்வைத்தார். எண்கள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதைக் காட்டும் விலக்க வர்க்கச் சராசரியைச் சராசரியால் வகுத்து, விடை ஒன்றைவிடப் பெரிதாக இருந்தால் குவிதல் உண்டு. ஆகவே அந்த 41 புழு மீனைப் 'பிழை' என்று நீக்கிவிடாதீர்கள்.

படி 10: எண்ணுக்குப் பொருள் சொல்லுதல்

புழு இருந்தது, மீன் செத்தது. ஆகவே புழுவால் செத்தது என்பது மிக எளிதான தவறு. கோடையில், நீர் குறைந்த ஏரியில், விடியலில் மீன்கள் கூட்டமாக மிதந்தால் முதலில் ஐயப்பட வேண்டியது ஆக்சிஜன் குறைவை. விருந்தோம்பி, நோய்க்கிருமி, சூழல் ஆகிய மூன்று வட்டங்களும் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடத்தில்தான் நோய் தோன்றுகிறது என்று மீன் நோயியலில் ஸ்னீஷ்கோ 1974இல் எழுதியது இன்றும் பாடம். செவுளில் 20 டாக்டிலோகைரஸ் உள்ள மீன் நல்ல நீரில் பல மாதம் வாழும்; அதே மீன் ஆக்சிஜன் குறைந்த இரவைத் தாண்டாமல் போகலாம்.

ஒட்டுண்ணிகளை இரண்டு கூட்டமாகப் பிரித்துப் பார்ப்பது பயன் தரும். மீன் பேன், டிரைக்கோடினா, டாக்டிலோகைரஸ் போல மீனிலிருந்து மீனுக்கு நேரே போகும் கூட்டம் மட்டும் மிகுந்திருந்தால், நெருக்கமும் கெட்ட நீரும் உள்ள இடம் என்று ஐயப்படலாம். கிளினோஸ்டோமம், கண்புழு, முட்தலைப் புழு போலப் பல விருந்தோம்பிகள் வேண்டிய கூட்டம் பலவகைப்பட்டு இருந்தால், அங்கே உணவுச் சங்கிலி இன்னும் அறுபடவில்லை. புழுவே இல்லாத காட்டு மீன்கள் நிறைந்த அணையைக் கண்டால் நான் மகிழ மாட்டேன்; நத்தை எங்கே போயிற்று, பறவை ஏன் வரவில்லை என்று தேடத் தொடங்குவேன். வளர்ப்புக் குளத்தில் மட்டும் இந்தக் கணக்கு மாறும்: அங்கே விவசாயிக்கு இழப்பு, ஆகவே குளத்தைக் காயவிட்டு, சுண்ணாம்பு இட்டு, கரைப் புல்லை அகற்றி நத்தையைக் கட்டுப்படுத்தச் சொல்வதே சரி. மாலகைட் பச்சை என்னும் சாயத்தை யாரேனும் பரிந்துரைத்தால் ஏற்கக் கூடாது. உண்ணும் மீனில் அது தடை செய்யப்பட்டது.

மீனவரும் வாங்குபவரும் கேட்கும் முதல் கேள்வி, இதைத் தின்னலாமா என்பதுதான். மஞ்சள் முடிச்சைக் கண்ட மீனைச் சுத்தம் செய்து நன்றாக வேகவைத்தோ வறுத்தோ உண்டால் தீங்கில்லை. ஜப்பானிலும் கொரியாவிலும் நன்னீர் மீனைப் பச்சையாக உண்ட சிலருக்குத் தொண்டையில் கிளினோஸ்டோமம் ஒட்டிக்கொண்ட நிகழ்வுகள் உண்டு; ஒகேனக்கல்லில் எண்ணெயில் பொரித்துத் தரும் மீனுக்கு அந்தக் கவலை இல்லை, நடுவில் வேகாமல் சிவந்திருந்தால் மட்டும் திருப்பிக் கொடுத்து மறுபடி வேகவைக்கச் சொல்லுங்கள். இதை மீனவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். 'ஏரி மீனில் புழு' என்று ஊரில் பேச்சுக் கிளம்பினால் அவருடைய ஒரு வாரப் பிழைப்பு போய்விடும். அடுத்த மாதம் உங்களுக்கு மீன் தரவும் மாட்டார்.

படி 11: எடுத்து வைத்தல்

நம் கல்லூரி விலங்கியல் துறைகளின் அலமாரிகளில் பழைய மீன் குடுவைகள் தூசி படிந்து கிடக்கின்றன. இடமில்லை என்று அவற்றைக் கொட்டுவதற்கு முன், சீட்டில் ஊர்ப்பெயரும் ஆண்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் அது கே.ஆர்.பி. அணையின் பழைய மீனாகவோ, இன்று நுரை மிதக்கும் இடத்தில் முன்பு நீந்திய கெண்டையாகவோ இருக்கலாம். பார்மலினில் கிடந்தாலும் உள்ளிருக்கும் புழுவை எண்ண முடியும். உங்கள் மாதிரிகளில் சிலவற்றைச் சென்னையில் உள்ள இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையத்தில் ஒப்படைக்கக் கேட்டுப் பாருங்கள். மீதியைத் துறையிலேயே, நன்றாக மூடிய கண்ணாடிக் குடுவையில், ஆண்டுக்கு ஒருமுறை ஆல்கஹால் மட்டம் பார்த்து வையுங்கள்.

குடுவைக்குள் போடும் சீட்டு, தடித்த தாளில், பென்சிலால், இவ்வளவு இருக்க வேண்டும்: ஏரியின் பெயரும் கிராமமும், பிடித்த நாளும் வேளையும், வலையின் கண் அளவு, மீனின் இனம், நீளம், எடை, பால், அன்றைய நீரின் வெப்பம், பார்த்த உறுப்புகள், பார்த்தவர் பெயர். கடைசி வரியில் கண்ட புழுவும் எண்ணிக்கையும். எதுவும் காணாவிட்டாலும் அந்த வரியை வெறுமையாக விடாமல், 'முழுவதும் பார்க்கப்பட்டது. 0' என்று எழுதி மூடுங்கள்.